யானைக்கு மந்திரி முகம்

லண்டன் தெருவில் ஒரு யானை நடந்து வருகிறது. உடம்பு யானையுடையது; முகம் மட்டும் மனித முகம். ஊதிப்போன கன்னம், பிதுங்கிய கண்கள். லண்டனில் அந்த முகத்தை அறியாதவர் அன்று குறைவு. முன்னாள் பிரதமர் நார்த் பிரபு. யானை மேல் தலைப்பாகையும் கீழை நாட்டு உடையுமாகப் பருமனான ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அடர்ந்த கறுத்த புருவத்தைப் பார்த்தாலே சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்று தெரிந்துவிடும். முன்னால் எக்காளம் ஊதியபடி யானையை நடத்திச் செல்பவர் எட்மண்ட் பர்க். ஊர்வலம் போய்ச் சேரும் இடம் லெடன்ஹால் தெரு. கிழக்கிந்திய கம்பெனியின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருந்தது.

படத்தின் பெயர், ‘லெடன்ஹால் தெருவில் கார்லோ கானின் வெற்றி ஊர்வலம்’. வெளியான நாள் 1783 டிசம்பர் 5. வரைந்தவர் ஜேம்ஸ் சேயர்ஸ், தொழிலால் வக்கீல். கோட்டில் அப்படியொன்றும் நளினம் கிடையாது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் கேலிச்சித்திரங்களில் நம் மண்ணின் தலையெழுத்தோடு இவ்வளவு நெருக்கமாக உரசிய படம் வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

யானைக்கு ஏன் நார்த்தின் முகம்? அமெரிக்கப் போரை நடத்திய பிரதமர் அவர். அந்தப் போருக்காக அவரை பார்லிமென்ட்டில் வருடக்கணக்கில் கிழித்துத் தொங்கவிட்டவர் ஃபாக்ஸ். 1783 ஏப்ரலில் இருவரும் கைகோத்து ஆட்சி அமைத்தார்கள். கூட்டணி என்றால் கொள்கை கொஞ்சம் வளையும் என்பது நமக்குப் பழகிய விஷயம். லண்டன்காரர்களுக்கு அப்போது அது பெரிய அதிர்ச்சி. திட்டியவர் மேலே, திட்டு வாங்கியவர் கீழே என்று சேயர்ஸ் அதை ஒரே யானையில் முடித்துவிட்டார்.

ஊர்வலத்துக்குக் காரணம் ஃபாக்ஸ் கொண்டுவந்த இந்திய மசோதா. வங்காளத்திலும் சென்னையிலும் கம்பெனி அடித்த கொள்ளை பார்லிமென்ட்டையே முகம் சுளிக்க வைத்திருந்த சமயம் அது. இந்திய நிர்வாகத்தைக் கம்பெனியின் டைரக்டர்களிடமிருந்து பறித்து, பார்லிமென்ட் நியமிக்கும் ஏழு கமிஷனர்களிடம் கொடுக்க வேண்டும் என்றது மசோதா. பின்னணியில் உழைத்தவர் பர்க். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏழு நாற்காலிக்கும் எழுதப்பட்ட பெயர்கள் ஃபாக்ஸின் கூட்டாளிகள். கம்பெனியிடம் இருந்த வேலை, பதவி, பணம் எல்லாம் ஒரே கட்சியின் மடியில் போய் விழும். ‘மக்கள் தலைவர்’ என்று அதுவரை பெயரெடுத்திருந்த ஃபாக்ஸ் இனி மொகலாய பாதுஷா மாதிரி ஆகப் பார்க்கிறார் என்ற சந்தேகம் பலருக்கு வந்தது. ‘சார்லஸ்’ என்ற பெயரை ‘கார்லோ கான்’ ஆக்கி அந்தச் சந்தேகத்துக்கு ஒரு முகத்தை வரைந்து கொடுத்தார் சேயர்ஸ்.

மசோதா காமன்ஸ் சபையில் சுலபமாக நிறைவேறியது. பிரபுக்கள் சபையில் டிசம்பர் 17-ம் தேதி 95-க்கு 76 என்று தோற்றது. தோற்கடித்தது படம் அல்ல, அரசர். இதை ஆதரித்து வாக்களிப்பவர் எவரையும் தன் எதிரியாகவே கருதுவேன் என்று மூன்றாம் ஜார்ஜ் சொல்லியனுப்பியிருந்தார். மறுநாள் இரவே ஃபாக்ஸும் நார்த்தும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 24 வயது வில்லியம் பிட் பிரதமரானார். ஆனால் அரசர் செய்தது அடாவடி என்று ஊர் கொதித்திருக்க வேண்டாமா? ஊர் சிரித்துக்கொண்டிருந்தது. சில மாதங்களில் வந்த 1784 தேர்தலில் ஃபாக்ஸின் ஆட்கள் வரிசையாக மண்ணைக் கவ்வினார்கள். பார்லிமென்ட் விவாதங்களைவிட, பத்திரிகைகளைவிட, சேயர்ஸின் படங்கள்தான் தனக்கு அதிகக் கேடு செய்தன என்று ஃபாக்ஸே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. சேயர்ஸுக்கு பிட் நன்றி மறக்கவில்லை. கோர்ட் ஒன்றில், அதிகம் வேலை இல்லாமல் சம்பளம் வரும் பதவி ஒன்று அவருக்குக் கிடைத்தது.

இனி நம் ஊர் பக்கம் வருவோம். சென்னையில் வாலாஜா ரோடு இருக்கிறதே, அந்தப் பெயருக்குரிய ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் தனிப்பட்ட முறையில் கழுத்து வரை கடன் வாங்கியிருந்தார். அதில் எது நிஜக் கடன், எது கணக்குப் புத்தகத்தில் மட்டும் பிறந்த கடன் என்பது கொடுத்தவர்களுக்கே வெளிச்சம். கடனுக்கு ஈடாக எழுதித் தரப்பட்டது கர்நாடகச் சீமையின் நிலவரி. கர்நாடகச் சீமை என்றால் இன்றைய தமிழ்நாட்டின் பெரும் பகுதி. பிட்டின் புதிய அரசு, ஒழுங்கான விசாரணை இல்லாமலே அந்தக் கடன்களை ஏற்று, சீமையின் வருமானத்திலிருந்து அடைக்க உத்தரவிட்டது. 1785 பிப்ரவரி 28 அன்று காமன்ஸ் சபையில் பர்க் எழுந்து, கடன் கொடுத்தவர்கள் தேர்தலில் செய்த உதவிக்குக் கைம்மாறு இது என்று மணிக்கணக்கில் குற்றம் சாட்டினார். அந்த உரை பிறகு புகழ்பெற்றது. அன்று அவர் கோரிக்கை தோற்றது. எக்காளம் ஊதும் மாவுத்தனாக வரையப்பட்டுவிட்ட மனிதரின் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? படம் இல்லாவிட்டால் எல்லாம் நேராகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேலி எப்போதும் ஏழையின் பக்கம்தான் நிற்கும் என்று நம்புகிறவர்கள் அந்த யானையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்தப் படங்கள் நாம் நினைப்பதுபோலச் செய்தித்தாளில் வந்தவை அல்ல. தனித்தனித் தாளாக விற்பனையானவை. மெருகேற்றிய செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் நனைத்தால் கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளை அச்சில் அழுத்தினால் படம் ரெடி. எல்லாம் இடம் வலமாகத் திரும்பி விழும் என்பதால் ஓவியர் எழுத்தைக்கூடத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல எழுதப் பழகியிருக்க வேண்டும். காலையில் நடந்த விஷயம் சில நாட்களில் கடைக்கு வந்துவிடும். கறுப்பு வெள்ளை 6 பென்ஸ், கையால் வண்ணம் தீட்டியது ஒரு ஷில்லிங் என்பது வழக்கமான விலை; பெரிய படங்களுக்கு இன்னும் கூடும். கூலிக்காரர் வாங்கக்கூடிய பொருள் இல்லை. அதனால் என்ன, கடையின் ஜன்னல் முழுக்கப் படங்களை ஒட்டி வைப்பார்கள். தெருவில் நின்று பார்க்கக் காசு கிடையாது. பிக்கடில்லியில் ஃபோர்ஸ் என்பவரின் கடையில் கேலிச்சித்திர ஆல்பங்களை ஒரு மாலைப்பொழுதுக்கு வாடகைக்கு விட்டார்கள். விருந்துக்கு வந்தவர்கள் சாப்பாட்டுக்குப் பின் புரட்டிச் சிரிக்க! நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு ஒரு காலத்தில் வாடகைக்கு வந்த வீடியோ டெக் என் நினைவுக்கு வருகிறது.

படத்தின் ஓரத்தில் வெளியான தேதியும் வெளியிட்டவர் பெயரும் துல்லியமாக இருக்கும். இதற்குக் காரணம் 1735-ல் வந்த சட்டம். வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர், தன் படங்களைத் திருட்டு அச்சுப் போடுகிறவர்களால் நொந்துபோய், மற்ற ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு போராடி வாங்கியது. உரிமை வேண்டுமென்றால் தேதி போட வேண்டும். அச்சுக்கு முன்பே அரசாங்கத்திடம் அனுமதி கேட்கும் முறையோ 1695-லேயே போய்விட்டது. அச்சான பிறகு அவதூறு வழக்குப் போடலாம். ஆனால் போட்டால் அரசு வக்கீல் ஜூரிகள் முன் நின்று, ‘இந்தப் பன்றி யாரைக் குறிக்கிறது என்றால்...’ என்று விளக்க வேண்டிவரும். எந்த அரசுக்குத்தான் அதில் விருப்பம் இருக்கும்?

இந்தத் தொழிலின் ராஜா ஜேம்ஸ் கில்ரே. 1756-ல் பிறந்தவர். அப்பா, ஃபாண்டினாய் போரில் ஒரு கையை இழந்து செல்சீ ஆஸ்பத்திரியின் பென்ஷனில் வாழ்ந்த சிப்பாய். எழுத்துச் செதுக்கும் பட்டறையில் தொழில் கற்று, பிறகு ராயல் அகாடமியிலும் படித்தவர். ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணியின் படக்கடைக்கு மேலே மாடியில் குடியிருந்து, அந்தக் கடைக்காக வரைந்தார். அந்த அம்மாளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஊர் முழுக்க ‘மிஸ்ஸஸ் ஹம்ஃப்ரி’ என்றுதான் அழைத்தது.

கில்ரேயின் பென்சிலுக்கு நிரந்தரக் கட்சி கிடையாது. 1786-ல் வாரன் ஹேஸ்டிங்ஸை ‘இந்தியாவின் ரட்சகர்’ என்று ஒட்டகத்தில் ஏற்றி, அவரைத் தாக்கும் வழிப்பறிக்காரர்களாக பர்க், ஃபாக்ஸ், நார்த் மூவரையும் வரைந்தார். 1788 மார்ச்சில், ஹேஸ்டிங்ஸ் மீது விசாரணை தொடங்கிய சில நாட்களில், அதே கில்ரே இன்னொரு படம் போட்டார். இந்தியர்களின் பிணங்கள் மிதக்கும் ரத்தக் கடல். அதைக் கடக்கிறார் தர்லோ பிரபு. அவர் தோளில் சொகுசாக உட்கார்ந்து பணமூட்டையோடு அக்கரை போகிறார் ஹேஸ்டிங்ஸ். யார் காசு கொடுத்தார்களோ அவர்களுக்கு வரைந்தார் என்று இதைச் சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ரத்தக் கடலைப் பார்த்தால் காசுக்கு மட்டும் வரைந்த கை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் அவர் விடவில்லை. 1791 மே மாதம் திப்பு சுல்தானின் தலைநகர் வாசல் வரை வந்த கார்ன்வாலிஸ் பிரபு, மழையும் உணவுப் பஞ்சமும் மாடுகளின் சாவும் சேர்ந்து நெருக்க, பெரிய பீரங்கிகளை நாசம் செய்துவிட்டுப் பின்வாங்கினார். சேதி கடல் தாண்டி லண்டன் போய், டிசம்பர் 6-ல் படமாகிவிட்டது. தலைப்பு, ‘பருவமழை தொடங்குகிறது’. கோட்டை மதில் மேல் நின்றுகொண்டு திப்பு சிறுநீர் கழிக்கிறார்; கீழே நனைந்தபடி தப்பி ஓடுகிறார் கவர்னர் ஜெனரல். அதுதான் பருவமழை! தன் நாட்டுத் தளபதியை எதிரி நாட்டு மன்னன் இப்படிச் செய்வதாக ஒரு பிரிட்டிஷ்காரர் வரைகிறார், லண்டன் கடையில் அது விற்பனையாகிறது, ஒருவரும் கடையை உடைக்கவில்லை. அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது வேறு கதை. 1792 ஒப்பந்தத்தில் திப்பு பாதி ராஜ்யத்தைக் கொடுத்து, இரண்டு பிள்ளைகளைப் பிணையாக அனுப்பினார். திண்டுக்கல்லும், சேலம், கிருஷ்ணகிரி பக்கத்துப் பாராமகாலும் கம்பெனி கைக்குப் போனது அப்போதுதான்.

என்னைக் கேட்டால் கில்ரேயின் உச்சம் 1792 ஜூலையில் வந்த இரட்டைப் படங்கள். ஒன்றில் பட்டத்து இளவரசர். வயிறு புடைக்கத் தின்றுவிட்டு நாற்காலியில் சாய்ந்து முள்கரண்டியால் பல் குத்துகிறார். வயிற்றைத் தாங்க முடியாமல் திணறும் சட்டையை ஒரே ஒரு பொத்தான்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறது. மேஜைக்கடியில் காலி பாட்டில்கள். பின்னால் நிரம்பி வழியும் மூத்திரச் சட்டி. அதன் அடியில் கட்டாத பில்கள். ரகசிய நோய்க்கான மருந்துக் குப்பிகள்கூட இருக்கின்றன. ஜன்னல் வழியாகத் தெரிவது, கட்டி முடியாத அவரது கார்ல்டன் மாளிகை. 1787-ல் பார்லிமென்ட் அவருடைய 1,61,000 பவுண்டு கடனை அடைத்தது. 1795-ல் கடன் மறுபடி 6,30,000 பவுண்டாக வளர்ந்து நின்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு படத்தில் அப்பாவும் அம்மாவும். அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஒரு வேகவைத்த முட்டையைத் தின்கிறார். கால்சட்டையில் ஒட்டு. அரசி கீரைத் தழையை வாயில் திணித்துக்கொண்டிருக்கிறார். நாற்காலி அழுக்காகாமல் உறை. கணப்பில் நெருப்புக்குப் பதில் பூங்கொத்து. சுவரில் மாட்டிய சட்டங்களில் படமே இல்லை. ஊதாரி மகன் ஒரு பக்கம், கஞ்சத் தகப்பன் மறுபக்கம். இரண்டு வீட்டுச் செலவுக்கும் பணம் கொடுப்பவர் படத்தை வேடிக்கை பார்த்து நிற்கும் பொதுஜனம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெதுவாகப் பாருங்கள். போனில் பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்க ஏதாவது ஒன்று புதிதாகக் கிடைக்கும்.

இப்படிப்பட்டவரை என்ன செய்வது? அதிகாரம் இரண்டு வழிகளில் யோசித்தது.

1796 ஜனவரியில் இளவரசருக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏசு பிறப்புக்கு ஞானிகள் காணிக்கை கொண்டுவந்த காட்சியைக் கிண்டலாக வைத்து, ஃபாக்ஸும் ஷெரிடனும் குழந்தையின் பின்புறத்தை முத்தமிட்டு விசுவாசம் காட்டுவதாக கில்ரே வரைந்தார். மத நிந்தனை என்று கைது செய்தார்கள். ஜாமீனில் வந்தார்; வழக்கு பிறகு அப்படியே அமுங்கிப்போனது.

இதே சமயத்தில் ஜார்ஜ் கேனிங் என்ற இளம் எம்.பி. இன்னொரு கவலையில் இருந்தார். கில்ரே தன்னை இன்னும் வரையவில்லையே! கேலிக்கு ஆளாகாதவன் அரசியலில் ஆளே இல்லை என்று அர்த்தம். பாதிரியார் நண்பர் ஒருவர் மூலம் தூதுவிட்டார், மாதக்கணக்கில் காத்திருந்தார். 1796 அக்டோபரில் ஆசை நிறைவேறியது. பிரெஞ்சுப் படை லண்டனுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்ற பெரிய படம். அதில் விளக்குக் கம்பத்தில் தூக்கில் தொங்குகிறார் கேனிங். கூடவே தொங்குகிறவர் ஜென்கின்சன். பிற்காலத்தில் இருவருமே பிரதமரானார்கள்!

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் போர்ச் செலவால் நெருக்கடி. பாங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியது. மே மாதம் கில்ரே ஒரு கிழவியை வரைந்தார். நோட்டுகளாலேயே தைத்த கவுன், உட்கார்ந்திருப்பது பூட்டிய தங்கப் பெட்டி மேல். அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவதுபோல பாவனை செய்து, பிரதமர் பிட் அவள் பையில் கையை விடுகிறார். கிழவி கூச்சலிடுகிறாள். அந்த பாங்குக்கு ‘த்ரெட்நீடில் தெருக் கிழவி’ என்ற பட்டப்பெயர் இன்றும் வழங்குகிறது.

பிரதமரைத் திருடனாகவும் பெண்பித்தனாகவும் ஒரே படத்தில் காட்டிய மனிதர், அதே 1797 முடிவதற்குள் பிட் அரசின் ரகசியச் சம்பளப் பட்டியலில் சேர்ந்தார். ஆண்டுக்கு 200 பவுண்டு. ஏற்பாடு செய்தவர் கேனிங். அதற்குப் பிறகு வந்த படங்களில் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களும் ஃபாக்ஸும் இன்னும் கொடூரமாக வருகிறார்கள். பிட் மேல் விழும் அடி கொஞ்சம் மெத்தென்று விழுகிறது. வறுமை, வழக்கு பயம், புரட்சி என்ற பெயரில் பாரிஸில் நடந்த படுகொலைகளைப் பார்த்த உண்மையான வெறுப்பு என்று அவர் பக்கம் நியாயங்கள் இல்லாமல் இல்லை. எனக்கு மட்டும் அந்த 200 பவுண்டு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஜெயில் செய்ய முடியாததைப் பென்ஷன் செய்துவிட்டது. 1801-ல் பிட் பதவி விலகியதும் பென்ஷனும் போனது. பிட்டைப் பழையபடி அடிக்கும் வேகம் கில்ரேவுக்கு வந்தது.

நெப்போலியன் குள்ளர் என்று நாம் நம்புவதில்கூட கில்ரேவுக்குப் பங்கு உண்டு. அவர் உயரம் ஏறக்குறைய 168 சென்டிமீட்டர், அந்தக் காலத்துக்குச் சராசரிக்குக் குறைவில்லை. 1803-ல் கில்ரே அவரை மூன்றாம் ஜார்ஜின் உள்ளங்கையில் நிற்கும் சுண்டைக்காய் ஆசாமியாக்கினார். இன்னொரு படத்தில் கோபத்தில் மேஜை நாற்காலியைக் கவிழ்த்துக் குதிக்கும் பொடியன். 1805-ல் பிட்டும் நெப்போலியனும் எதிரெதிரே உட்கார்ந்து உலக உருண்டையை புட்டிங் மாதிரி வெட்டிப் பங்கு போடும் படம் வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்கக் கார்ட்டூனிஸ்டுகள் அதைக் காப்பியடிக்கிறார்கள். தலைகள் மாறும், கத்தியும் முள்கரண்டியும் மாறாது.

1806 வாக்கில் கில்ரேயின் கண் மங்கத் தொடங்கியது. குடி சேர்ந்துகொண்டது. பிறகு புத்தி பேதலித்தது. 1811-ல் கடையின் மேல்மாடி ஜன்னல் வழியாகக் குதிக்கப் பார்த்தார், காப்பாற்றினார்கள். ஹன்னா ஹம்ஃப்ரிதான் கடைசி வரை வைத்துப் பார்த்துக்கொண்டார். 1815 ஜூன் 1-ம் தேதி கில்ரே இறந்தார். அவர் சுண்டைக்காயாக்கிய நெப்போலியன் வாட்டர்லூவில் வீழ்ந்தது 17 நாள் கழித்து.

பல் குத்திய இளவரசர் 1820-ல் நான்காம் ஜார்ஜாகப் பட்டத்துக்கு வந்தார். அந்த ஆண்டு ஜூனில், அரசரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் என்ற இளம் ஓவியர் 100 பவுண்டு வாங்கிய ரசீது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இதே ஆள் இளவரசராக இருந்த காலத்தில் ஹம்ஃப்ரி கடையின் நல்ல வாடிக்கையாளர். தன்னைத் திட்டிய படங்களையும் சேர்த்தே வாங்கிப் பத்திரப்படுத்தினார். அரண்மனையில் அப்படிச் சேர்ந்த படங்கள் சுமார் 10,000. 1921-ல் அந்தத் தொகுப்பு விற்பனைக்கு வந்தது. வாங்கியது அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ். பெரும்பாலானவை இப்போது வாஷிங்டனில் இருக்கின்றன. இணையத்திலும் பலவற்றை ஏற்றியிருக்கிறார்கள். கார்லோ கானின் யானையைத் தேடிப் பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள்.